பெட்டி புதைந்த பனிக்காலம்

போல்டர், கொலராடோ
மார்ச் 4, 2024

அன்புள்ள ஆர்டிஸ் அக்கா,

தொலைபேசியை நீ எடுக்கமாட்டாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்த அன்று நான் வரவில்லை என்று நீ படாரென்று வைத்த தொலைபேசி, ஐந்து மாதமாக அப்படியே இருக்கிறது. கோபம் நியாயமானதுதான். அதைப் பற்றி வாதாட இதை எழுதவில்லை.

இத்துடன் ஒரு கட்டு இருக்கும். நான் எழுதிய சின்னப் புத்தகத்தின் அச்சுப்படி அது. காலநிலை பற்றிய அடிப்படைச் சொற்களுக்குச் சாதாரண மக்கள் படிக்கிற மாதிரி விளக்கம், நாற்பதே பக்கம், ஒரு சமன்பாடுகூடக் கிடையாது. ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. பிறகு நம் வடக்கு டகோட்டா உட்பட ஐந்து மாநிலங்களின் நூலகங்கள், பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இலவசமாகப் போகும். என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் படித்துப் பாராட்டிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்காக நான் எழுதவில்லை. உன்னைப் போல ஒருவருக்குப் புரிகிறதா என்று தெரியவேண்டும். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு.

அப்பாவின் வெப்பமானிப் பெட்டியும் ஓரிடத்தில் வருகிறது. பெயர் போடவில்லை. அதைப் படித்துவிட்டு உன் அபிப்பிராயத்தைச் சொன்னால் நல்லது.

வெர்லின்


பிராண்ட்வோல்ட், வடக்கு டகோட்டா
மார்ச் 13, 2024

வெர்லின்,

மார்ச் மாதம் மாடுகள் கன்று போடும் காலம் என்பது உனக்கு மறந்திருக்கும். இரண்டு கன்றுகளுக்கு நடுவே, சேற்றுக் காலணியோடு அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். என்னைப் போன்ற மண்டுவுக்குப் புரிகிறதா என்று கேட்டாய். புரிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

வானிலை என்பது இன்றைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது. காலநிலை என்பது முப்பது வருஷமாக நடந்ததைக் கூட்டிப் பார்த்தால் தெரிகிற குணம். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் உதாரணம் சரியில்லை, சட்டை, அலமாரி என்று என்னென்னவோ. நான் ஒன்று தருகிறேன், போட்டுக்கொள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வெர்லின் வரவில்லை என்பது வானிலை. வெர்லின் வருவதில்லை என்பது காலநிலை.

இயல்பு என்பது முப்பது வருஷச் சராசரி, அதையும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கணக்குப் போடுவீர்கள் என்பது எனக்குத் தெரியாது. வெப்பம் ஏறினால் இயல்பும் கூடவே ஏறும், ஆகவே தொலைக்காட்சியில் 'இன்று இயல்பான குளிர்' என்றால் அது நம் சின்ன வயதுக் குளிர் அல்ல. இது நல்ல விஷயம். மனுஷர் எதற்கும் பழகிப்போய் அதையே இயல்பு என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் அதற்குச் சட்டமே வைத்திருக்கிறீர்கள்.

விலகல் என்பது இயல்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது. மார்ச் பதிமூன்றுக்கு இயல்பு, ஃபாரன்ஹீட்டில், முப்பத்து நான்கு, இன்று நாற்பத்தொன்பது, ஆக விலகல் பதினைந்து. புரிந்தது.

பசுமைக்குடில் விளைவை மாற்றி எழுது. நம் ஊரில் கண்ணாடி வீட்டில் செடி வளர்ப்பவர் யார்? போர்வை என்று சொல். போர்வை தானாகச் சூடு தராது, உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். நிலக்கரியும் டீசலும் எரித்து மேலே அனுப்பும் கரியமில வாயு, ஏற்கெனவே இருக்கிற போர்வைமேல் இன்னொன்று. அவ்வளவுதானே? அதற்கு ஏன் ஒன்றரைப் பக்கம்?

இப்போது இருபத்து மூன்றாம் பக்கம். நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன்.

"பொய்ப் பதிவு: கருவி பொய் சொல்லாது, அதைப் படிப்பவர் சொல்லலாம். வடக்குச் சமவெளியின் ஒரு கோதுமைப் பண்ணையில் முப்பத்தாறு ஆண்டுகள் பிசகாமல் வெப்பநிலை எழுதிவந்த தன்னார்வலர், 1997 பனிக்காலத்தில் வெளியே நடக்கச் சோம்பி, எண்பத்தொரு நாட்களுக்கு எண்களை இட்டுக்கட்டினார். நல்ல வேளையாக, இத்தகையவற்றைக் கண்டுபிடிக்க இன்று வழிகள் உள்ளன."

பெயர் போடவில்லையாம்! இந்த வட்டாரத்தில் கோதுமைப் பண்ணையில் வெப்பமானிப் பெட்டி வைத்திருந்தவர் வேறு யார்? நாற்பத்தெட்டு வருஷம், தினம் மாலை ஐந்து மணிக்கு, கல்யாண வீட்டிலிருந்துகூட எழுந்து வந்து அந்தப் பெட்டியைத் திறந்தவர் நம் அப்பா ஓர்வின் டோலெஃப்சன் என்பது இந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். அப்பாவுக்கு வயது தொண்ணூற்றொன்று. கண்தான் மங்கல், புத்தி மங்கவில்லை. 'என் பையன் காலநிலைப் புத்தகம் எழுதுறான்' என்று இல்லத்தில் சமையல்காரியிடம்கூடச் சொல்லிவைத்திருக்கிறார். முதல் பிரதியை அவர் கையில் கொடுக்க நூலகத்துப் பெண் தேதி குறித்துவிட்டாள். சோம்பேறி, பொய்யன் என்று மகன் எழுதியதை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டுமா?

அந்தப் பக்கத்தை எடு.

ஆர்டிஸ்


போல்டர்
மார்ச் 20, 2024

அக்கா,

போர்வை உதாரணம் நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றி நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். நாங்கள் பழைய பதிவுகளைத் திருத்துவதுண்டு. பெட்டியை இடம் மாற்றினால், எழுதுகிற நேரத்தை மாற்றினால், எண்ணில் ஒரு சின்னத் தாவல் வரும். பக்கத்து ஊர்ப் பதிவுகளோடு ஒப்பிட்டு அதைச் சரிசெய்வோம். அதற்குத் திருத்தம் என்று பெயர். அதில் யாருக்கும் அவமானம் இல்லை, அப்பாவே 74இல் பெட்டியைக் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்து மேய்ச்சல் ஓரத்துக்கு மாற்றியவர்தான். 1997 விஷயம் அப்படிப்பட்டது அல்ல.

அந்தப் பெட்டிக்குள் இருந்த குறைந்தபட்ச வெப்பமானி உனக்கு நினைவிருக்கும். அதன் ஊசி கீழே இறங்கும், தானாக மேலே ஏறாது. மாலை ஐந்து மணிக்கு அப்பா எண்ணை எழுதிவிட்டு, ஊசியை அந்த நேரத்து வெப்பத்துக்கு நகர்த்தி வைப்பார். அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் குளிர்ந்தால் ஊசி இறங்கும், குளிராவிட்டால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஆக, நேற்று ஐந்து மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு என்றால், இன்றைய குறைந்தபட்சம் பதினெட்டோ அதற்கும் கீழேயோதான் இருக்கமுடியும். பிப்ரவரி 5ஆம் தேதி ஐந்து மணிக்குக் கீழே பதினெட்டு, ஆனால் 6ஆம் தேதியின் குறைந்தபட்சம் கீழே பதினொன்று என்று எழுதியிருக்கிறது. அது நடக்கவே முடியாது. இந்த மாதிரி பத்தொன்பது நாட்கள். எங்கள் புதிய கணினி நிரல் ஒரு நொடியில் பிடித்துவிட்டது. ஆராய்ந்தால், எண்பத்தொரு நாளுக்கும் எழுதியது நகரத்து வானொலி நள்ளிரவிலிருந்து நள்ளிரவுக்குக் கணக்கிட்டுச் சொன்ன எண்கள், இரண்டு டிகிரி குறைத்து எழுதப்பட்டவை.

அதைப் பார்த்த அன்று எனக்கும் சந்தோஷமாக இல்லை. ஆனால் நாங்கள் பொய் எண்களை வைத்துக் கதை விடுகிறோம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். 'தப்பு நடந்தால் நாங்களே கண்டுபிடித்துச் சொல்கிறோம்' என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சொந்த அப்பா என்பதற்காக மறைத்தால் நான் என்ன விஞ்ஞானி? 'சோம்பி' என்ற சொல்லை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன்.

வெர்லின்


பிராண்ட்வோல்ட்
மார்ச் 28, 2024

வெர்லின்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஊசி மேலே ஏறாது என்பது இந்த அறுபத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிகிறது. நான் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. அப்பாவுக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் தினமும் தன் விரலால் அந்த ஊசியை நகர்த்தியவர், தூக்கத்தில்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டார். பத்தொன்பது தடவை செய்வாரா? உன் நிரல் எண்ணைப் பிடித்தது. எண்ணைப் பார்த்த உனக்கு ஆளைத் தெரியவில்லையே!

எழுதியது நான்.

ஜனவரி 9ஆம் தேதி அப்பா அம்மாவை ஃபார்கோ மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மறுநாள் பனிப்புயல், சாலை மூடியது. அதன்பிறகு மூடுவதும் திறப்பதுமாக அந்த வருஷம் எட்டுப் புயல். அம்மா மார்ச் 22இல் இறக்கும்வரை அப்பா அங்கேயே நாற்காலியில் தூங்கினார். இங்கே நானும் அறுபது மாடும். கூரை உயரத்துக்குப் பனி. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பதினேழு மாடு, பனி மூக்கை அடைத்து, மூச்சுத் திணறிச் செத்தது. மேய்ச்சல் ஓரத்தில் இருந்த பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, அதன்மேல் எட்டடிப் பனி. வானிலைத் துறைக்கு மாதாமாதம் அனுப்பும் படிவத்தில் 'இல்லை' என்று போட்டு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்பாவும் பலமுறை சொல்லியிருக்கிறார், பார்க்காத நாளுக்கு 'இல்லை' என்று எழுதுவதில் வெட்கம் கிடையாது என்று.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது.

"அக்கா, படிவம் அனுப்பிட்டியா? ஒரு மாசத்துல அஞ்சு நாளுக்கு மேல காலியா இருந்தா அந்த மாசமே கணக்குல வராதுக்கா. என் ஆய்வே நம்ம பெட்டிய நம்பித்தான் நிக்குது."

"பெட்டி எங்க இருக்குன்னே தெரியலடா. பனியில புதைஞ்சு கிடக்கு."

"ஏதாவது போடு. ரேடியோல சொல்றாங்கல்ல, அதப் பாத்துப் போடு. நம்ம ஊரு ரெண்டு டிகிரி கம்மியா இருக்கும். காலியா மட்டும் விடாத, ப்ளீஸ்."

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கமாட்டியா?"

"கேக்கத்தான் வந்தேன். எப்படி இருக்காங்க?"

நான் ஒவ்வொரு சாயங்காலமும் வானொலியைக் கேட்டு, இரண்டைக் கழித்து எழுதினேன். விரல் விறைத்துப்போன கையால் எழுதினேன். தம்பி படித்துப் பெரிய ஆளாகட்டும் என்றுதான் எழுதினேன். தரை இறுகிக் கிடந்ததால் மே மாதம் வரை அம்மாவைப் புதைக்க முடியவில்லை. புதைத்த அன்று நீ பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் இருந்தாய், அந்த எண்பத்தொரு நாளை வைத்துக்கொண்டு.

இன்னொன்று இப்போதுதான் புரிகிறது. அப்பா மார்ச் கடைசியில் திரும்பிவந்து அந்தப் படிவங்களை மேஜையில் வைத்துப் படித்தார். பென்சில் முனை அங்கங்கே நின்றது. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட என்னைப் பெட்டியிடம் விடவில்லை. இடுப்பு எலும்பு உடைந்த வருஷம்கூட ஊன்றுகோலோடு அவரேதான் போனார். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்து இத்தனை வருஷம் கேலி பேசியிருக்கிறேன். என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று உன் கடிதம் வந்துதான் எனக்குத் தெரியவேண்டுமா?

ஆர்டிஸ்


போல்டர்
ஏப்ரல் 9, 2024

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்தத் தொலைபேசிப் பேச்சு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நீ எழுதிய மாதிரி இல்லை. நீ பெட்டியைத் தோண்டி எடுத்துவிட்டாய் என்றும், கொஞ்ச நாட்களுக்கு மட்டும் வானொலியைப் பார்த்துப் போட்டாய் என்றும்தான் என் மனதில் இத்தனை வருஷம் இருந்தது. அப்படித்தான் இருந்ததா, அப்படி வைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. இரண்டு டிகிரி என்பதைத் திரையில் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். அதை அப்பாவின் மேல் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் தாங்கமுடியவில்லை.

நான் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

வெ.


பிராண்ட்வோல்ட்
ஏப்ரல் 15, 2024

வெர்லின்,

'பார்த்துக்கொள்கிறேன்' என்றால் என்ன? உன் புத்தகத்தில் நிச்சயமின்மை என்று ஒரு சொல் இருக்கிறது. தெரியாது என்று கையை விரிப்பது அல்ல, எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை ஒளிக்காமல் சொல்வது என்று எழுதியிருக்கிறாய். அழகாக எழுத உனக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம்.

இருபத்து மூன்றாம் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். இப்போது வேண்டாம் என்கிறேன். நடந்ததை நடந்தபடி போடு. பெட்டி புதைந்தது, பண்ணையில் இருந்த பெண் எண்களை இட்டுக்கட்டினாள், இட்டுக்கட்டச் சொன்னவன் இந்தப் புத்தகத்தை எழுதியவன். மூன்று வரி போதும். என் பெயரைப் போட்டாலும் கவலையில்லை. சோம்பேறி என்ற பட்டம் அப்பாவுக்கு வேண்டாம். அவருக்கு அது போய்ச் சேர்ந்தால், என்னை இன்னொரு தடவை அப்படி நிமிர்ந்து பார்ப்பார், பிறகு விட்டுவிடுவார். நான் தாங்கிக்கொள்வேன்.

அச்சுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

ஆர்டிஸ்


போல்டர்
மே 3, 2024

அன்புள்ள அக்கா,

புத்தகம் அச்சாகிவிட்டது. உன் போர்வை உதாரணம் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் நன்றிப் பட்டியலிலும் உன் பெயர் வருகிறது.

இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். நீ சொன்ன மாதிரி எழுதி, மேலே இருப்பவரிடம் கொடுக்கவும் தயாராக இருந்தேன். ஆனால் இன்றைய நிலைமையில் அப்படி ஒரு பக்கம் வெளிவந்தால், என் ஆய்வு மட்டுமல்ல, அதன்மேல் கட்டிய மற்றவர்களின் ஆய்வுகளும் சந்தேகத்துக்கு ஆளாகும். உண்மையில் ஒரு பெட்டியின் ஒரு பனிக்காலம் ஒட்டுமொத்தப் போக்கைத் துளிகூட மாற்றவில்லை, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆகவே அந்த உதாரணத்தை முழுவதும் எடுத்துவிட்டு, மினசோட்டாவில் ஒருவர் வெப்பமானியைச் சமையலறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் மாட்டிய கதையைப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எல்லாருக்கும் இதுவே நல்லது என்று நீயும் ஒத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். முதலில் நீ கேட்டதும் இதைத்தானே.

இந்த மாதம் அடுத்தடுத்து கூட்டங்கள். கோடைக்குள் எப்படியும் ஒரு தடவை வரப் பார்க்கிறேன். அப்பாவுக்கு என் அன்பு.

வெர்லின்


பிராண்ட்வோல்ட்
ஜூன் 2, 2024

வெர்லின்,

நூலகத்துப் பெண் புத்தகத்தை அப்பா கையில் கொடுத்தாள். கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அவர் மேஜைக்கு மேஜை எடுத்துப்போய் உன் பெயரைத் தடவிக் காட்டினார். அதே இல்லத்தில் இருக்கும் மைரன் க்வாலே, 'எங்கம்மா காலத்துலயும் இப்படித்தான் மழை பேஞ்சுது, இதுக்கு ஒரு புத்தகமா' என்றதற்கு, வானிலை வேறு, காலநிலை வேறு என்று அரை மணி நேரம் அவனுக்குப் பாடம் எடுத்தார். நீ பார்த்திருக்கவேண்டும்.

பிறகு தினம் நாலைந்து பக்கமாக, பூதக்கண்ணாடியோடு எட்டு நாளில் முடித்தார். முடித்த மறுநாள் நான் போனபோது மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார். படிக்கவில்லை, தேடிக்கொண்டிருந்தார்.

"ஆர்டிஸ், நம்ம பெட்டி இதுல எங்கயுமே இல்லையே?"

"இடம் பத்தலையோ என்னவோப்பா."

"புகைபோக்கி பக்கத்துல மாட்டினவன் இருக்கான். நாப்பத்தெட்டு வருஷம் எழுதின நம்ம பெட்டிக்கு ஒரு வரி இடம் இல்லையா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டான்."

"எதப்பா?"

"உங்கம்மா போன பனிக்காலத்த. அதுல ஊசி மேல ஏறுது. நான் அன்னைக்கே பாத்தேன். உன்னக் காட்டிக்குடுக்க மனசு வரல, கையெழுத்துப் போட்டேன். அதான் நம்ம பெட்டியவே தூக்கி வெளிய போட்டுட்டான். அவன் செஞ்சதுதான் சரி. என் பையன் புத்தகத்துல நிக்கிற யோக்கியத இல்லாமப் பண்ணிக்கிட்டேன்."

கேட்டாயா? நீ எழுதியிருந்தால் அவரைச் சோம்பேறி என்றிருப்பாய். எழுதாமல் விட்டதால் அவரே தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்கிறார்.

இருபத்தேழு வருஷமாக இந்த விஷயத்தில் உன் பெயரை வாயில் எடுக்காதவள், அன்றைக்கு எடுத்துவிட்டேன். "எழுதினது நான்ப்பா. எழுதச் சொன்னது வெர்லின். ஃபோன் பண்ணிச் சொன்னான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அதே பார்வை.

"அவன் படிச்சவன். காலியிடத்த ரொப்பச் சொல்லமாட்டான். செஞ்சத செஞ்சேன்னு சொல்லு, மன்னிச்சுருவேன். தம்பி தலைல கட்டாத."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மாட்டையும் பண்ணையையும் அவரையும் பார்த்துக்கொண்டு இங்கேயே கிடந்ததற்கு, பொய் சொன்னவள் என்பதோடு இப்போது பழி போடுகிறவள் என்றும் ஆகிவிட்டேன்.

என் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். உன் வாயால் சொன்னால் நம்பியாகவேண்டும். சொன்னால் அவர் இந்த உலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே விஷயம் போய்விடும், அது நீ. சொல்லாவிட்டால், மகனுக்குத் தலைகுனிவு உண்டாக்கியவன் என்று நினைத்துக்கொண்டே அவர் கண்ணை மூடுவார். கடிதம் வேண்டாம், நேரில் வந்து சொல். மருத்துவர் இலையுதிர் காலம் வரை என்றார், அதுவும் நிச்சயமில்லை.

நான் இனி எழுதமாட்டேன்.

ஆர்டிஸ்